ஜேபஸ் வெட்டாத பத்தொன்பது மரங்கள்

இங்கிலாந்தில், எங்கள் டார்செட் காடுகளில் மரம் வெட்டத் தெரிந்தவன் ஒருவன்தான் உண்டு என்று என் தங்கை புருஷன் ஜேபஸ் டஃபின் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறான். அந்த ஒருவன் யாரென்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அரைமணி நேரம் போய்விடும்.

"இளசுல வெட்டணும், குளிர்காலத்துல வெட்டணும். தரையோட, சாய்வா வெட்டணும், மழைத்தண்ணி தங்கக்கூடாது. அப்படி வெட்டினா ஒரு தண்டு போன இடத்துல பத்துத் தண்டு வரும்." இதுதான் அவனுடைய வேதம். நான் வெட்டிய அடிக்கட்டைகளை பூட்ஸால் தட்டிப் பார்ப்பான். "என்ன மச்சான், உக்கார நாற்காலி செஞ்சியா? குனிஞ்சா இடுப்பு ஒடிஞ்சிருமோ?" என்பான். நானும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்டவன், மகள் லெட்டிஸ் பிறந்த வருடம் வீட்டுக்குப் பின்னால் பத்தொன்பது ஆஷ் மரக்கன்றுகள் நட்டான். எட்டாம் வருடம் வெட்டியிருக்க வேண்டும். அப்போது தரை இறுகிக் கிடக்கிறது என்றான். அடுத்த வருடம் ஈரம் அதிகம் என்றான். அதற்கடுத்த ஜனவரியில், கிளையில் குருவி கூடு கட்டப்போகிறதாம். உறையும் ஜனவரிப் பனியில்! ஊருக்குத்தான் உபதேசம்.

"இன்னும் விட்டா ஒத்தையா உசந்துடும். அப்புறம் மண்வெட்டிப் பிடிக்கும் ஆகாது, ஒண்ணுக்கும் ஆகாது. போங்க!" என்று என் தங்கை ஹெஸ்டர் கோடாரியை அவன் கையில் திணித்தாள். போனான். ஒரு மணி நேரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், நீ வெட்டிடு. என்னால ஆகாது."

"நானா? நான் நாற்காலி செய்யறவனாச்சே, மாப்பிள்ளை!"

"கிண்டல் பண்ணாதய்யா. நாளைக்கு நான் சந்தைக்குப் போயிடறேன்." கோடாரியை என் கையில் வைத்து அழுத்தினான். சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

மறுநாள் ஈர மண்ணில் மண்டியிட்டு வெட்டினேன். பத்தொன்பதும் தரையோடு, சாய்வாக. ஒன்று பட்டுப்போனாலும் ஆயுசுக்கும் என் தலையை உருட்டுவான் என்று எனக்குத் தெரியாதா? சந்தையிலிருந்து வந்தவன் நேரே அங்கேதான் போனான். புதுத் தளிரை மான் கடித்துவிடும் என்று, வெட்டிய கிளைகளை ஒவ்வொரு கட்டைமேலும் அடுக்கினான். அது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவன் மறுநாளும் அடுக்கினான், அதற்கு மறுநாளும் அடுக்கினான். கட்டை ஒவ்வொன்றும் ஒரு வைக்கோல்போர் ஆகிவிட்டது.

ஏப்ரலில் ஹேசல் மரம் தழைத்தது. மே மாதம் ஓக் தழைத்தது. ஆஷ் சோம்பேறி மரம், கடைசியில்தான் கண் விழிக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஜூனும் வந்தது. குவியல்களில் பச்சையைக் காணோம். மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சைடர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "என் பிள்ளைங்களைக் கொன்னுட்டான்."

எனக்கு வந்ததே கோபம்! கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் கண்ணெதிரே முதல் குவியலைப் பிய்த்து எறிந்தேன். அடிக்கட்டையைச் சுற்றிப் பதினான்கு தளிர்! வெயில் படாமல் வெளுத்து, கோணிக் குனிந்து, வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தன.

"யாருய்யா கொல்லப் பார்த்தது? மூச்சுவிட விடாம மூடி வச்சது யாரு?"

சத்தம் கேட்டு வந்த ஹெஸ்டர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "லெட்டிஸுக்கும் இப்படித்தாண்ணே. நல்ல வெயில்ல மூணு கம்பளி போர்த்துவாரு."

மூன்று பேரும் சேர்ந்து மற்றக் குவியல்களையும் கலைத்தோம். பத்தொன்பதும் உயிரோடு இருந்தன. ஜேபஸ் கடைசிக் கட்டையின் அருகே மண்டியிட்டு, என் வெட்டைக் கட்டைவிரலால் தடவினான். மறுபடியும் தடவினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒரு விரக்கடை உசரமா வெட்டிட்டே, மச்சான்" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடுத்த வாட்டியும் நீயே வெட்டிடு."