ஜடைக்காரியின் முதுகு

ஜடைக்காரிக்கும் முதுகு என்று ஒன்று உண்டு என்பதை நான் பார்த்தது நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறையில், அந்தமான் மாயாபந்தரில் எங்கள் வீட்டு முன்னறையில்.

அவள் டிவியில் மாட்டி விளையாடும் சண்டை கேமில் வருகிறவள். வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஏதோ அவளுக்கு இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் ஜடையைச் சுழற்றி அடிப்பாள் என்பதால் எங்களுக்கு அவள் ஜடைக்காரி. அந்த கேமின் முதல் பாகம், இரண்டாம் பாகம், அதற்குப் பிறகு வந்தவை எல்லாவற்றிலும் பக்கவாட்டில்தான் நிற்பாள். முன்னே போவாள், பின்னே வருவாள், குதிப்பாள், அவ்வளவுதான் அவள் உலகம். அதிலும் குதிப்பது எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நல்ல ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, உப்புக்காற்று தின்றது எனக்கு என்று வீட்டில் எழுதாத சட்டம். என்னுடையதில் மேல் பட்டன் செத்துப்போயிருந்தது. அண்ணனின் ஆள் பறந்து வந்து மிதிக்கும்போதெல்லாம் ஆத்திரத்தில் அந்தச் செத்த பட்டனை டக் டக் என்று இரண்டு குத்து குத்துவேன். ஒன்றும் ஆகாது. மிதி மட்டும் விழும்.

இதே கேம், இதே மாதிரி பழைய மெஷின் திக்லிபூரில் பெரியம்மா வீட்டிலும் இருந்தது. பெரியம்மா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கு அக்கா. அவள் அங்கே பக்கத்து வீட்டுப் பையன்களையெல்லாம் அழவைக்கிறாள் என்று மாமா வந்து சொல்லிக் கேள்விதான். நேரில் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. காரணம், அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வதில்லை.

அதற்கு மூலகாரணம் பஸ். திக்லிபூருக்கு எதை அனுப்புவதானாலும் எங்கள் பக்கம் யாரும் கூடவே போகமாட்டார்கள். பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டால் போதும், மருந்து, கருவாடு, கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை ஒரு ஆட்டுக்குட்டிகூடப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்காவின் காதுகுத்தன்று மழையில் ரோடு இடிந்து பஸ் ஓடவில்லை. மறுநாள் ரோடு திறந்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல். அம்மா யோசிக்காமல், அக்காவுக்கு எடுத்து வைத்திருந்த பட்டுப்பாவாடையை டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். பெரியம்மா அதே டிரைவரிடம் அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் வந்தது. "பஸ்ஸில போட்டு அனுப்புற உறவு எனக்கு வேணாம்னு சொல்லிருங்க." டிரைவர் அதையும் பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்த்தார். அன்று அம்மா நாள் முழுக்க அழுதாள். எனக்கு அது மழைக்காலம் மாதிரி, வந்தது, இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இவர்கள் இருவருக்கும் ஒரே தம்பி எங்கள் மாமா. காண்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசர், அதனால் மாயாபந்தருக்கும் திக்லிபூருக்கும் அலைந்துகொண்டே இருப்பார். அந்த வருஷம் மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பியவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"கப்பல்ல கீழ் தட்டுல வெங்காய மூட்டைக்கு அடியில கிடந்துச்சு. வாசம் போகட்டும், இருங்க," என்றார்.

எங்கே இருப்பது? அண்ணன் பிரித்துவிட்டான். புது மெஷின்! உள்ளே அதே சண்டை கேமின் புதுப் பாகம். "இது த்ரீ டி," என்றார் மாமா, தானே செய்து கொண்டுவந்தவர் மாதிரி. டிவியில் மாட்டினோம். ஆள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஜடைக்காரி நின்றாள். பிறகு, ஐயோ, மெல்லத் திரும்பினாள்! இரண்டு கண், இரண்டு காது. இன்னும் திரும்பினாள். முதுகு! ஜடை நுனியில் சிவப்புக் குஞ்சலம்! இத்தனை வருஷம் அந்தக் குஞ்சலம் எங்கே இருந்தது? ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பெங்காலிப் பிள்ளைகள், "அரே, கூம் ரஹீ ஹை!" என்று இந்தியில் கத்தின. அவள் சுற்றுகிறாளாம்! அவள் மட்டுமா, தரையே ஆழமாக உள்ளே போனது.

நாங்கள் ஆட்டத்தைத் தொடங்குவதற்குள் மாமா ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"மெஷின் ஒண்ணுதான் இருக்கு. எனக்கு ரெண்டு அக்கா. திக்லிபூர்க்காரி வரட்டும், நீயும் அவளும் மோதுங்க. ஜெயிக்கிறவ வீட்டுக்குத்தான் மெஷின்."

தான் ஏன் இல்லை என்று அண்ணன் கேட்டான். "நீ தோத்தா அழுவ," என்று அவன் வாயை அடைத்தார். அக்காவைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிட முடியாதாகையால் பெரியம்மாவும் வருவார் என்றார். அம்மா அன்று சாயங்காலமே பரணிலிருந்த பாத்திரங்களையெல்லாம் இறக்கி விளக்க ஆரம்பித்தாள். எனக்கோ சோறு இறங்கவில்லை. தோற்றால் ஜடைக்காரி முதுகோடு திக்லிபூர் போய்விடுவாளே!

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"எனக்கு டீ வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அம்மா உள்ளேயிருந்து, "போட்டாச்சுன்னு சொல்லுடி," என்றாள். ஏழடி தூரம்கூட இராது. நடுவில் நான் தபால்காரி.

டீ குடித்து முடித்ததும் மாமா ஒயரை மாட்டி விதிமுறை சொன்னார். "மூணு ஆட்டம். ஆடும்போது யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அவ அவுட், ஆட்டம் கதம்." அண்ணனை ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி, அவனும் மூச்சுவிடக் கூடாது என்றார். அக்கா பெரிய மல்லன் ஒருவனை எடுத்தாள். நான் வேறு யாரை எடுப்பேன்?

முதல் ஆட்டத்தில் மல்லன் என்னைச் சட்னி ஆக்கினான். மூலைக்குத் தள்ளித் தள்ளி அடித்தான். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே மூலை. மல்லன் தலையைக் குனிந்துகொண்டு காளை மாதிரி ஓடிவந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழைய ஆத்திரத்தில், பழைய பழக்கத்தில், மேல் பட்டனை டக் டக் என்று குத்தினேன்.

புது ஜாய்ஸ்டிக்கில் அந்தப் பட்டன் உயிரோடு இருந்தது. ஜடைக்காரி குதிக்கவில்லை. வழுக்கினாற்போல் பக்கவாட்டில், டிவிக்கு உள்ளே, ஓரடி ஒதுங்கினாள்! மல்லன் அவளைத் தாண்டிப் போய் வெறும் காற்றை முட்டினான். இப்போது அவன் முதுகு எனக்கு முன்னால்! விட்டேன் ஒரு ஜடையடி.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பெரியம்மா, "ஏய், குழம்பு அடிப்பிடிக்குதுடி, உங்கம்மாகிட்ட சொல்லு!" என்றார். அம்மா கொல்லைக் குழாயடியில் இருந்தாள். நான் வாயைத் திறப்பேனா? அண்ணன் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தான். மாமா காது கேட்காதவர் மாதிரி டிவியைப் பார்த்தார். "எல்லாருக்கும் வாய்ல கொழுக்கட்டையா?" என்று பெரியம்மா நாற்காலியை உதறிவிட்டு எழுந்து போனது கேட்டது. பிறகு சட்டி இறக்கும் சத்தம். குடம் வைக்கும் சத்தம். பெரியம்மாவின் குரல், அம்மாவின் குரல், யாரோ மூக்கை உறிஞ்சுவது, பிறகு இருவரும் சேர்ந்து சிரிப்பது. எனக்கு ஒரே எரிச்சல். ஆட்டம் நடக்கும்போது என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

டக் டக், ஒதுங்கு, அடி. டக் டக், ஒதுங்கு, அடி. இரண்டாவது ஆட்டம் எனக்கு. மூன்றாவதும் எனக்கே! ஜன்னல் பிள்ளைகள் "ஜீத் கயீ, ஜீத் கயீ!" என்று கம்பியைப் பிடித்து ஆடின. நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அக்கா ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு, "அது எப்படிடி பண்ணுன?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுக்கமாட்டேன் என்றேன்.

சாப்பிடும்போதுதான் மாமா குண்டைப் போட்டார். மெஷின் இந்த மாதம் எங்கள் வீட்டில், அடுத்த மாதம் திக்லிபூரில், அப்படியே மாறி மாறி.

"அப்ப நான் எதுக்கு ஜெயிச்சேன்?" என்று அலறினேன்.

"மொத மாசம் வெச்சுக்கறதுக்கு," என்றார். பிறகு அம்மாவையும் பெரியம்மாவையும் பார்த்து, "ஒரு விஷயம். பழைய மெஷின் மாதிரி இல்ல இது. பஸ்ஸில குலுங்குனா உள்ள எல்லாம் போயிரும். டிரைவர்கிட்ட குடுத்துவிடவே கூடாது. பெரியவங்க ஒருத்தர் மடியில வெச்சுத்தான் கொண்டு போகணும். கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்," என்றார்.

இருவரும் மகா கவனமாகத் தலையாட்டிக்கொண்டார்கள். மாமா ஏமாற்றிவிட்டார் என்று நான் அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஏமாற்றினார்தான்.

மாதம் முடிந்ததும் அம்மாவும் நானும் திக்லிபூர் பஸ் ஏறினோம். அம்மா கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி புதுப்புடவை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். மடியில் பெட்டி. பெட்டிக்கு அடியில் அந்தப் பழைய பட்டுப்பாவாடை. அக்கா வளர்ந்துவிட்டதால் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தைத்திருந்தாள். மெஷின் ஆடாமலிருக்க அம்மா எவ்வளவு அக்கறையாகத் துணி வைத்திருக்கிறாள் என்று நான் மெச்சிக்கொண்டேன். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும், "பாத்தும்மா, பாத்து!" என்று பெட்டியை நானும் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா பஸ் நிற்குமிடத்திலேயே காத்திருந்தார். இறங்கியதும் அம்மாவைக் கட்டிக்கொண்டார், பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டது. "ஐயோ, மெஷின்!" என்று நான் கத்தினேன். அவர்கள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வீட்டில் மாமா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து மெஷினை வெளியே எடுத்தபோது அட்டை மூலையிலிருந்து காய்ந்த வெங்காயத் தோல் ஒன்று விழுந்தது. அதைப் பொறுக்கி ஜன்னல் வழியே ஊதிவிட்டேன். ஒயர் மாட்டினோம். ஜடைக்காரி வந்து, திரும்பி, முதுகைக் காட்டினாள்.

"அம்மா மடியிலயே வெச்சுக் கொண்டாந்தாங்க மாமா. அதான் ஒண்ணும் ஆகல," என்றேன் பெருமையாக.

"பின்ன?" என்றார் மாமா.