ஒரே விலாசத்தில் நாற்பத்தொரு கடிதங்கள்

பெரிய கம்பெனியின் டிஷ் மட்டும் இருந்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் டிவி பழுதானால், டிஷ் பொக்ஸைக் கழற்றித் துவாயில் சுற்றி, உரப்பையில் போட்டுக்கொண்டு லுணுகலைக்கு பஸ் ஏற வேண்டும். திருத்துகிறவர் ஃபெக்டரிக்கு மேலே வரமாட்டார். பாதை சரியில்லை என்பார். அதே பாதையில்தான் கொழுந்து லொறி தினமும் போய் வந்தது. கடையில் பொக்ஸை வாங்கி வைக்கும் பையன் என் அம்மாவை நிமிர்ந்தும் பார்க்காமல், "அடுத்த கிழமை வந்து பாரு" என்பான். அம்மாவுக்கு அப்போதே ஐம்பது வயது.

பிறகு சின்னக் கம்பெனி வந்தது. அன்றன்றைக்கு ரீலோட் போட்டுப் பார்க்கலாம். தமிழ் சேனல்கள் எல்லாம் அடிப்படைப் பொதியிலேயே இருந்தன. பழுது என்று போன் போட்டால் ஒரு பொடியன் மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் மேலே ஏறி வந்தான். ஆறு மாதத்தில் தோட்டத்தின் எங்கள் பிரிவில் நாற்பத்தொரு வீட்டுக் கூரையில் அந்தச் சின்ன டிஷ் ஏறிவிட்டது.

அதற்குப் பின்தான் அதிசயம் நடந்தது. ஒரு நாள் பெரிய கம்பெனியின் ஆள் சப்பாத்து முழுக்கச் சேற்றோடு எங்கள் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று, "அம்மா, படம் தெளிவா இருக்குங்களா?" என்று கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் போன பிறகு, "அந்த மனுசனுக்கு என்னாடா வந்துச்சு?" என்றார்.

"சின்னக் கம்பெனி வந்துச்சும்மா" என்றேன்.

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்தவன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். போட்டிச் சந்தைக்கு வரைவிலக்கணம் மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். அதன் பொருள் என்னவென்று அந்தச் சேற்றுச் சப்பாத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த ஆள் திருந்தவில்லை. இன்னொருவன் வந்ததால் அவருக்கு நாங்கள் கண்ணுக்குத் தெரிந்தோம், அவ்வளவுதான்.

அந்த இன்னொருவனைத்தான் பெரிய கம்பெனி விலைக்கு வாங்கப்போகிறது என்ற செய்தி வந்தது. நான் வேலை செய்யும் லுணுகலை போட்டோகொப்பிக் கடைக்கு வரும் பத்திரிகையில் டிவி கம்பெனிகளை மேற்பார்க்கும் அரசாங்க ஆணைக்குழுவின் விளம்பரம் இருந்தது. சிங்களத்தில் பெரிதாகவும் தமிழில் பொடியாகவும் போட்டிருந்தார்கள். இரண்டு கம்பெனியும் ஒன்றாவதைப் பற்றிப் இணைப்பு வைத்திருக்கும் பாவனையாளர்கள் ஆறு வாரத்துக்குள் கருத்துச் சொல்லலாம். வீட்டுக்கு ஒருவர் தம் பெயரிலும் விலாசத்திலும் தனித்தனியாக எழுத வேண்டும். கூட்டாகக் கையெழுத்திட்ட மனு ஒரே கருத்தாகவே எடுக்கப்படும். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். எங்களிடம் ஒருவர் கருத்துக் கேட்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பெரிய கம்பெனியின் ஏஜென்ட் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் முதலாளி. நான் கடித உறைகள் வாங்குவதைப் பார்த்துவிட்டார்.

"என்னா தம்பி, கொழும்புக்குக் கடுதாசியா? நாடகம் பாக்குற பொம்பளைங்களுக்கு எதுக்குய்யா போட்டி? ரெண்டும் ஒன்னானா நல்லதுதானே. ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஒரே ரிமோட்."

"வெலையும் அவங்க சொல்றது ஒன்னுதான்" என்றேன்.

"அட, பேசத் தெரியுதே!" என்று சிரித்தார். "இந்த வாய வச்சுக்கிட்டு போட்டோகொப்பி அடிக்கிறியே. இத விடு. கம்பெனில சொல்லி ஒனக்கு ஒரு வேல எடுத்துத் தாரேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், அந்த வேலையில் மோட்டார் சைக்கிள் தருவார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

கொழுந்து நிறுவை முடிந்து ஆட்கள் வீடு திரும்பியதும் ஒவ்வொரு வீடாகப் போய் எழுதினேன். டைப் பண்ணினால் எல்லாம் ஒரே நகல் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் கையால் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் அந்தந்த வீட்டாரின் வார்த்தைதான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "எழுது தம்பி. என் புருசன் செத்தன்னைக்குக்கூட தோட்ட ஆபீஸ்ல இருந்து ஒருத்தன் வரல. டிஷ் வேல செய்யலன்னு சொன்னதும் அந்தப் பொடியன் கொட்டுற மழையில வந்தான். அவன வேலய விட்டுத் தூக்கினா அந்தக் கம்பெனி வெளங்காதுன்னு எழுது."

"வெளங்காதுன்னு எழுத ஏலாதுக்கா."

"அப்ப நாசமாப் போகும்னு எழுது."

லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் இருக்கும் பெரியவர் கக்கூஸ் விஷயத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். இது டிவி ஆணைக்குழு என்று விளக்கினேன். "கவுருமெண்டு ஒன்னுதானே? ஒரு கையால வாங்கி மத்த கையால குடுத்துக்கட்டும்" என்றார்.

உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் தாங்களும் எழுதித் தருவதாகக் கேட்டார்கள். நான் விடவில்லை. எழுத்துப்பிழையோடு போனால் தோட்டத்துக்காரர்கள் என்று இளக்காரமாக நினைப்பார்கள் என்று பயம். நாற்பத்தொன்றையும் நானே, என் அழகான கையெழுத்தில் எழுதினேன். விலாசம் வழக்கமாக எப்படி எழுதுவோமோ அப்படியே எழுதினேன்: பெயர், மேற்பிரிவு, தோட்டம், லுணுகலை.

எங்களுக்கு விலாசம் என்றால் அதுதான். லயத்துக்கும் காம்பராவுக்கும் எண் உண்டு; அது தோட்டத்தின் பதிவுக்கு. தபால்காரர் லயத்துப் பக்கம் வருவதில்லை. எல்லாருடைய கடிதமும் தோட்ட ஆபீஸுக்குப் போகும். அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும். நினைவு வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம், பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் கைக்குக் கிடைத்தது. உறை பிரிந்திருந்தது. அப்போதும் என் அதிர்ஷ்டத்தைத்தான் திட்டினேனே தவிர, விலாசம் இல்லாதவன் நான் என்று தோன்றவில்லை.

ஆணைக்குழு பதுளையில் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தது. நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் போனோம். இரண்டு பேரும் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார்கள். மண்டபத்தில் முன்வரிசை முழுக்கக் கம்பெனி ஆட்கள். எங்கள் ஏஜென்ட் முதலாளியும் அங்கே இருந்தார். என்னைக் கண்டு கையை ஆட்டினார்.

திரையில் ஊவா மாகாணத்திலிருந்து வந்த கருத்துகளை ஊர் ஊராகக் காட்டினார்கள். பண்டாரவளை, பதுளை நகரம், மொனராகலை எல்லாம் வந்தன. லுணுகலைத் தோட்டப் பகுதிக்கு எதிரே 'ஒன்று' என்று இருந்தது.

தபாலில் தொலைந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து நின்று சிங்களத்தில் கேட்டேன். அதிகாரி கடிதக் கோவையைப் புரட்டினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. நிதானமாகவே சொன்னார்: "நாற்பத்தொரு கடிதம் வந்திருக்கிறது. விலாசம் ஒன்று. கையெழுத்தும் ஒன்று. ஒரு வீட்டுக்கு ஒரு கருத்து என்பது விதி." பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நாற்பத்தொரு பேரும் ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

மண்டபம் சிரித்தது.

அதிகாரியின் கேள்வியையாவது மன்னிக்கலாம். அவர் எங்கள் லயத்தைக் கண்டதில்லை. ஏஜென்ட் முதலாளியும் சிரித்தார். முன்பு எங்கள் வீடுகளில் பெரிய கம்பெனி டிஷ் பூட்டியவர் அவர்தான். ஒவ்வொரு கூரையிலும் ஏறி, தகரத்தில் துளை போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் தனியாகக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனவர். எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் என்று அந்த மண்டபத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொடையில் தட்டிச் சிரித்தார். மனிதர்கள் மேல் எனக்கு அருவருப்பு வந்தது அன்றுதான் முதல் தடவை.

அம்மா என் கையைச் சுரண்டி, "என்னாடா சொல்றாரு?" என்றார்.

"எல்லாம் வந்து சேந்துருச்சாம்மா" என்றேன்.

"அதுக்கா சிரிக்கிறாங்க?" என்றார் அக்கா.

அதிகாரி பதினான்கு நாள் தவணை தந்தார். நாங்கள் தனித்தனி வீட்டார் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுத்தால், நாற்பத்தொன்றையும் தனித்தனியாக எடுப்பார்களாம்.

மறுநாளே தோட்ட ஆபீஸில் போய் நின்றேன். பெரிய கிளாக்கர் இதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எழுதித் தர ஏலாது தம்பி" என்றார்.

"நாங்க தனித்தனிக் குடும்பம்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா ஐயா?"

"தெரியும். ஒங்க அப்பனத் தெரியும், அவங்க அப்பனையும் தெரியும். தெரிஞ்சிருக்கிறது வேற, எழுதிக் குடுக்கிறது வேற. இன்னிக்கு டிவிக்குன்னு வீட்டு நம்பர் போட்டு வாங்கிட்டுப் போவீங்க. நாளைக்கு அதே கடுதாசியக் காட்டி காணிக்கு உறுதிப் பத்திரம் கேப்பீங்க. தோட்டத்துத் தொர என் சீட்டக் கிழிச்சிருவாரு."

"டிவி விசயம்தானே ஐயா."

"எல்லாம் டிவில இருந்துதான் தொடங்கும்" என்று சொல்லிவிட்டு பேனாவை மூடினார்.

கிராம சேவகரிடம் போனேன். தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குத் தோட்டத் துரையின் கடிதம் இல்லாமல் அவரால் எழுத முடியாதாம். பிறகு இரண்டு தரம் ஆபீஸுக்குப் போனேன். மூன்றாம் தரம் காவல்காரரே வாசலில் மறித்து, "ஐயா இல்லீங்க" என்றார். ஐயா உள்ளே போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பதினான்கு நாளும் முடிந்தன. ஆணைக்குழு அனுமதி கொடுத்துவிட்டது. பாவனையாளர்களிடமிருந்து குறிப்பிடத்தக்க எதிர்ப்பு வரவில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். பதுளையில் அம்மாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. யாருக்கும் ஆச்சரியம்கூட இல்லை. அக்கா மட்டும், "அப்ப நாப்பத்தொரு பேரும் சேந்து ஒரு ஆளு. வோட்டு கேக்க வாரப்ப மட்டும் காம்பரா காம்பராவா ஏறி இறங்கிக் கும்புடுறானுக" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. பதுளை மண்டபத்தில் சிரித்ததுபோலவே இங்கேயும் சிரிக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் என் மேலேயே வெறுப்பு வந்தது. அந்தப் பிள்ளைகளைப் பிழையோடாவது எழுத விட்டிருந்தால், கையெழுத்து ஒன்று என்ற காரணமாவது இல்லாமல் போயிருக்கும். விலாசத்துக்கு ஆபீஸைக் குறை சொல்லலாம். கையெழுத்து என் பெருமை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குக் கொழுந்துச் சாக்குத் தூக்கிக் கொடுக்க நிறுவை இடத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்றவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. அக்காவின் இடுப்பில் ஒன்று, அம்மாவின் பைக்குள் ஒன்று, தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது ஒன்று. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செய்தி. வாசிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள்.

அன்பான வாடிக்கையாளரே என்று தொடங்கியது. சின்னக் கம்பெனி இணைப்பு இனிப் பெரிய கம்பெனிக்கு மாறுகிறது. அன்றாட ரீலோட் நிற்கிறது; மாதப் பொதிதான். தமிழ் சேனல்களுக்கு இனி விலை கூடிய பொதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியிலும் அந்தந்த வீட்டின் வாடிக்கையாளர் எண், அந்தந்த ஆளின் பெயர். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

ஏழெட்டுப் போனை வாசித்ததற்கு மேல் எனக்கு வாசிக்க முடியவில்லை. மீதிப் போன்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் தம்பி, எல்லாருக்கும் தனித்தனியா அனுப்பியிருக்கான்?" என்றார் அக்கா. "ஒரே வீட்டு ஆளுங்களுக்கு ஒரு மெசேஜ் போதாதா?"

அன்று மாலையே நான் அந்த எண்களைக் குறித்துக்கொள்ள வீடு வீடாகப் போனேன். கம்பெனியே எங்களை நாற்பத்தொரு வீடாக வைத்திருப்பதைக் காட்டி ஆணைக்குழுவுக்குத் திரும்ப எழுதலாம் என்பது என் எண்ணம். இந்த முறை அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான பெரியவர் போனையே தர மறுத்தார். "நம்பரக் குடுத்தா இதயும் புடுங்கிருவானுக" என்றார்.

அக்கா போனைக் கொடுத்தார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "திரும்பவுமா எழுதப் போற? அவனுகளுக்கு எண்ணத் தெரியாமயா இருக்கு?" என்று கேட்டார்.

மீதி எண்ணையும் குறித்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போனேன். முப்பத்துநாலு கடிதங்களைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டேன். பதில் வந்தால் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். இதுவரை பெரட்டில் யார் பெயரையும் கூப்பிடவில்லை.