நடுவில் இரண்டு ‘ஈ’

ஹம்பேர்க்கில் என் குடும்பப் பெயரைச் சொன்னால் முதலில் மரியாதை கிடைக்கும், பிறகு ஏமாற்றம். ரீடர். ஆங்கிலேயப் பெயர், ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு ‘ஈ’. ஜெர்மன்காரர்கள் அதை ‘ரேடர்’ என்று வாசிப்பார்கள். அவர்கள் மொழியில் அதற்குக் கப்பல் முதலாளி என்று பொருள். நான் வேலை பார்த்ததோ துறைமுகத்தில், ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் எதிர்முனைக் குரல் பணிந்துவிடும். நேரில் போய் நின்றால், என் யாழ்ப்பாணத்து முகத்தைப் பார்த்துவிட்டுக் கப்பல் எங்கே என்று கண்ணாலேயே தேடுவார்கள்.

அப்பாவிடம் வேறு விளக்கம் இருந்தது. எங்கள் முன்னோர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தவர். கடல் கடந்து உதவி அனுப்பியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அங்கே வழக்கம். அப்படித்தான் இது எங்களோடு ஒட்டிக்கொண்டது. ரீடர் என்றால் வாசிப்பவர், நாங்கள் படித்த பரம்பரை என்பதில் அப்பாவுக்குத் தலைகொள்ளாத பெருமை. இரண்டாவது ‘ஈ’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ வந்திருக்க வேண்டும், பதிந்தவன் விட்ட பிழை என்பார். ஜெர்மன் அலுவலகங்களிலும் விடமாட்டார். உடைந்த ஜெர்மனில் அந்தப் பிழையை விளக்கத் தொடங்குவார். மொழிபெயர்க்கப் பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

அதனால் வயிற்றில் பிள்ளை வந்தபோது, இந்த இரவல் பெயர் என்னோடு முடியட்டும் என்று தீர்மானித்தேன். கணவர் மதுரைக்காரர், கணினி வேலை. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அவர் அப்பாவின் பெயர்தான் இருந்தது. பிள்ளைக்கும் அதுவே போதும் என்றேன். நான் அப்பாவுக்கு ஒரே பிள்ளை.

"உங்கட விருப்பம்" என்று மட்டும் சொன்னார் அப்பா. சீனி கரைந்த பிறகும் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு வியாபாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என் அறைக் கதவில் இருந்த பெயரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு தன் அட்டையை நீட்டினார். அதே பெயர், அதே இரண்டு ‘ஈ’.

பெயரின் கதையை அவர்தான் சொன்னார். இங்கிலாந்தில் அவருடைய ஊர் இருக்கும் கிழக்குக் கரை முழுக்கச் சதுப்பு நிலமாம். அங்கே விளையும் நாணலை அறுத்துக் கூரை வேய்ந்தவர்களுக்கு ஊரார் வைத்த பெயராம் அது. வாசிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஆட்களில் சிலர் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்றும் சொன்னார்.

அவர் போன பின்னும் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாணல் அறுத்த ஒருவனை ஊரார் கூப்பிட்ட சொல் கப்பலேறி அமெரிக்கா போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனின் தலையில் இறங்கி, எங்களோடு அகதியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, இந்தக் கதவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாள் இதைப் போய்ச் சின்ன விஷயமாக நினைத்தேனே என்றிருந்தது.

ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருடைய பெருமையைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன், அவருக்கோ வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, "மாமா, நீங்க கூரை போடுற பரம்பரையாம். நான் கப்பல் முதலாளி வீட்டு மாப்பிள்ளைன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன்" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப வாசிக்கிறவன் இல்லையோ?"

"இல்லை அப்பா. நாணலாலை கூரை வேயிறவையாம்."

பிசைந்த சோறு அவர் கையிலேயே இருந்தது. அவர் முகம் வாடப்போகிறது என்று நான் பயந்தேன்.

"நாங்கள் வீட்டை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள்" என்றார் மெதுவாக. "ஷெல் விழுந்து கூரை ஓடெல்லாம் உடைஞ்சு போட்டுது. ஒரே மழை. உனக்குக் காய்ச்சல். நான் பனையோலை வெட்டிக்கொண்டு வந்து மேலை ஏறி வேய்ஞ்சனான். அதுக்கு முன்னம் ஒரு நாளும் வேய்ஞ்சதில்லை. எண்டாலும் உன்ரை மேலை ஒரு துளி விழேல்லை."

இதை அவர் அதுவரை சொன்னதே இல்லை. எனக்கு நினைவிருந்தது ஓலை வாசம் மட்டும்தான். அது எங்கிருந்து வந்த வாசம் என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. சாப்பாட்டு மேசையிலேயே அழுதேன்.

மகள் பிறந்தாள். அவள் பெயரைப் பதியப் போனபோது அப்பாவும் கூட வந்தார். அலுவலகப் பெண், "நடுவில் இரண்டு ‘ஈ’யா? சரிதானே?" என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இரண்டுதான் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். "பிழை ஒண்டும் இல்லை."