ஓராண்டாகத் தொடாத கோப்புகள்

என் தங்கையின் கணவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு விதி உண்டு. ஓராண்டாக யாரும் தொடாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி வெளியே அனுப்பிவிட வேண்டும். ஸ்டோர்ஸுக்கு நல்ல விதிதான். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மாப்பிள்ளை அதை வேப்பம்பட்டில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அமல்படுத்தினார்.

பழைய வீடியோ கேம் கடை ஆட்டங்களை ஓட்டும் எமுலேட்டரை அதில் போட்டுக் கொடுத்தவன் நான். மாப்பிள்ளை அதன் ஃபோல்டரைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கி, ஓராண்டுக்கு முந்தையதை எல்லாம் அழித்தார். ஆட்டங்கள் இருந்த தனி ஃபோல்டருக்குப் போவதற்குள் டீ வந்துவிட்டதால் அவை மட்டும் தப்பின. எங்கள் வீட்டு மின்விசிறி வாங்கிய தேதியைக்கூட நான் சொல்வேன்; ஆனால் தேதி பழையதாக இருப்பது குற்றம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது.

“மச்சான், இன்னாவோ டி.எல்.எல். ஃபைலு காணோம்னு சொல்லுது.”

“எதையாவது அழிச்சீங்களா மாப்ள?”

“யூஸ் இல்லாததத்தான் எடுத்தேன். எல்லாம் பழைய மாலு.”

“ஆட்டமே பழசுதானே மாப்ள.”

அவர் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஷிப்ட் மேலாளர் சாப்பிட வருகிறார். பையனாக இருந்தபோது கும்மிடிப்பூண்டி பஜாரில் வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தவராம். அவர் அங்கே ஆடிய அதே சண்டை ஆட்டம் தன் வீட்டில் ஓடுவதாக மாப்பிள்ளை கேன்டீனில் சொல்லி வைத்திருந்தார். டீம் லீடர் இடம் காலியாக இருந்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த மேலாளர்.

சனிக்கிழமை நான் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலேறிப் போவதற்குள் அவரே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். காணாமல்போன கோப்பின் பெயரை இணையத்தில் தேடி, கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் போட்டிருந்தார். உடனே வேறொரு கோப்பு இல்லை என்றது. அதையும் இறக்கினார். கூடவே ரம்மி விளம்பரங்கள் வந்து குடியேறின.

“ஒண்ணு குடுத்தா இன்னொண்ணு கேட்டுக்கினே கீது மச்சான். பேஜாரு.”

“கம்பெனி மெஷினுக்குப் பழைய இரும்புக் கடையிலயா பேரிங் வாங்கிப் போடுவீங்க?”

“அதுக்கு பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் கீது.”

அவர் இறக்கியதை எல்லாம் நீக்கி, வைரஸ் சோதனை ஓட்டினேன். விண்டோஸைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து தேவையான கோப்புகளை ஒரே தொகுப்பாக நிறுவினேன். எமுலேட்டரையும் புதிதாகப் போட்டேன். எமுலேட்டர் திறந்தது, ஆட்டம் திறக்கவில்லை. புதிய பதிப்பு அந்தப் பழைய ஆட்டக் கோப்புகளை ஏற்கவில்லை. அவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று பார்த்து, அதே ஆண்டின் எமுலேட்டரைத் தேடிப் போட்ட பிறகே திரையில் சண்டைக்காரர்கள் வந்து நின்றார்கள்.

“பழசுதான் வேலைக்கு ஆவுது போல,” என்றார் மாப்பிள்ளை, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

மறுநாள் மேலாளர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆட்டத்தில் உட்கார்ந்தார். என்னை ஒருமுறைகூட ஜெயிக்க விடாத மாப்பிள்ளை அன்று அடி மேல் அடி வாங்கினார்.

“கை இன்னும் மறக்கல, பாத்தியாப்பா,” என்றார் மேலாளர்.

“உங்க ஸ்பீடுக்கு யாரு சார் வர முடியும்?”

அவர் கிளம்பியதும் கேட்டேன்: “ஒரு ரவுண்டுகூடவா மாப்ள?”

“ஓட வெக்கிறது உங்க வேலை மச்சான். தோக்கறது என் வேலை.”

தீபாவளிக்கு முன்பே மாப்பிள்ளை டீம் லீடர் ஆகிவிட்டார். ஸ்டோர்ஸில் அவரைவிட மூத்தவர் ஒருவர் இருந்தாராம். அந்த மூத்தவர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.