மேர்சியின் அரை மணித்தியாலம்

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. அன்றைக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசையே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். பக்கத்துக் காம்பரா மேர்சி மட்டும் பின்வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருடத்துப் பெருமழையில் மேட்டு மண் சரிந்து எங்கள் கக்கூஸ் வரைக்கும் வந்து நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், இடம் ஆபத்து என்றார்கள், வேறு வீடு தருவதாகச் சொன்னார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அதோடு மேர்சிக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடும் இறங்கவில்லை. புருஷன் சவரிமுத்துவுக்கோ எல்லாம் கேலி.

"நீ மொறச்சுப் பாத்தா மல பயந்து நின்னுருமா?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ் மிஸ் "பய வென்ன எப்பா", பயப்படாதே என்று சிங்களத்தில் தேற்றி, ஒரு வழியும் சொன்னாராம். கவலைக்கென்று பின்னேரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் வந்தால், பின்னேரம் வா என்று அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

நல்ல யோசனைதான். அந்த அரை மணித்தியாலத்துக்கு மேர்சி எங்கே போவாள்? விடியுமுன் மரத்தடிக்குப் போகிறவள், பால் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் விறகு, தண்ணீர், துணி, அடுப்பு.

"கவலப்படக்கூட நேரமில்லக்கா" என்று என்னிடம் சிரித்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கும் அதே மலைதானே.

இந்த வைகாசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு பின்னேரம் கொஞ்சம் சீனி கேட்டு அவர்கள் காம்பராவுக்குப் போனேன். மேர்சி கட்டிலில் அடித்துப்போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தான். மடியில் உடுப்பு மூட்டை. கண் மலையை விட்டு நகரவில்லை.

"மெதுவா பேசுங்கக்கா. இப்பதான் கண்ணசந்தா."

"என்னடா, நீயா இங்க குந்தியிருக்க?"

"மண்ணு எறங்குன நாள்ல இருந்து எனக்கும் தூக்கமில்லக்கா. நானும் பயந்தா அவ ஒடஞ்சு போயிருவானுதான் கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்கி முடியல. எனக்கும் பயமா இருக்கு புள்ளனு சொல்லிட்டேன். அதக் கேட்டப்புறந்தான் படுத்தா."