காலர் அக்கா

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கொட்டகையில் சட்டைக் காலர் மட்டும்தான் தைப்பார்கள். கை ஒரு கொட்டகையில், பை இன்னொரு கொட்டகையில். வேலை கொடுக்கும் கம்பெனி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்துச் சட்டையாக்கும். கம்பெனியின் ஆர்டரைப் பார்த்துத்தான் பேங்க் கடன் கொடுத்தது. வாங்கிய மிஷின் எல்லாம் காலருக்கென்றே செய்தவை. ரிப்பேர் வேலை எனக்கு.

அதற்கு முன் அவள் முழுச் சட்டை தைத்தவள். புது மிஷின்களுக்கு முன்பணம் கட்டத் தன் பழைய மிதி மிஷினை விற்றாள்.

"இனிமே நீ முதலாளியம்மா, காலரைத் தூக்கி விட்டுக்கோ" என்றேன் கொட்டகை திறந்த அன்று.

"போடா, தைக்கிறதே அதைத்தான். எத்தனையைத் தூக்கி விடுறது?" என்று சிரித்தாள்.

சில வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு, கூலி இன்னும் குறைவான நாட்டுக்குக் கம்பெனி போய்விட்டது. பேங்க்காரர் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை.

"வேற ஆர்டர் ஒண்ணு காட்டுங்கம்மா, மிஷினைத் தூக்காம பார்த்துக்கறேன்."

நாயாய் அலைந்தேன். ஓர் ஆஸ்பத்திரி, சீருடைக்கு மாதிரிச் சட்டை ஒன்று கேட்டது. கொட்டகைப் பெண்கள் துணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கையை எங்கருந்து தைக்க ஆரம்பிக்கணும்?" என்றாள் ஒருத்தி.

"உன் மூக்குலருந்து" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. ஒருத்திக்கும் தெரியவில்லை.

அக்காவே உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் காலரின் வளைவிலேயே போய்ப் பழகிய கை, அங்கேயே இழுத்தது. சட்டையின் தோள் சுருங்கியது. பிரித்தாள், தைத்தாள், பிரித்தாள். துணி கிழிந்தது.

"மறந்துபோச்சுடா தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

மிஷினைத் தூக்க பேங்க் லாரி வந்தது. உடையாமல் இருக்கட்டும் என்று என்னையே கழற்றச் சொன்னார்கள். நான் மாட்டிய மிஷின்களை நானே கழற்றி ஏற்றினேன். அக்கா சுவரோரம் நின்றாள்.

கடைசி மிஷினை ஏற்றிவிட்டு வந்தேன். தோளில் சுமந்ததில் என் காலர் உள்ளே மடிந்திருந்தது. அக்கா அதை வெளியே எடுத்து, நுனியை விரலால் நீவி மடித்துவிட்டாள்.

"நம்ம காலராத்தான் இருக்கும். நுனி எப்படி நிக்குது பாரு" என்றாள்.

அது எங்கேயோ தைத்த சட்டை.

"ஆமாக்கா" என்றேன்.