மாவ்பிப் பனியில் ஆறு ஜோடி பூட்ஸ்

நான் ஆசைப்பட்டுப் பட்டாளத்துக்குப் போகவில்லை. ரங்கூனில் நான் வேலை பார்த்த ரயில் பட்டறையில், வருஷத்துக்கு ஒரு மாதம் ராணுவப் பயிற்சிக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போடாதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதற்குப் பெயர் தொண்டர் படை. தொண்டாவது மண்ணாவது. மார்கழியில் எங்களைச் சரக்கு வண்டியில் ஏற்றி மாவ்பி முகாமில் இறக்கினார்கள்.

இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அதன் பின்னாலேயே அந்தப் பனியும் வந்துவிடுகிறது. விடிகாலையில் கூடாரத்தை விட்டு வெளியே கால் வைத்தால் பூமி இருக்காது. அறுத்த வயல், வரப்பு, பனைமரம் எல்லாம் வெள்ளைக்குள் போயிருக்கும். எனக்கு முன்னால் நடப்பவனின் முதுகு தெரியும். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. நாங்கள் நடக்கிறோமா, அல்லது வயல்தான் எங்களைக் கடந்து போகிறதா என்று சந்தேகமாக இருக்கும். கால் புண் மட்டும் நிஜம்.

கூடாரத்தில் என் பக்கத்தில் படுத்தவன், பட்டறையிலும் எனக்குப் பக்கத்து லேத்தில் நிற்பவன். ரங்கூனில் லான்மடாப் பக்கம் ஓர் அறையில் அவன் பெண்சாதி நிறைமாதமாக இருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தப் பிள்ளை பிறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. முகாம் முடிய நாலு நாள் இருந்தது. குற்றம் எழுதப்பட்டவன் மட்டும் மேலும் பதினைந்து நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அவன் தும்முவதற்குக்கூட யோசித்தான்.

அன்று காலை எங்கள் ஆறு பேரை ஒரு சின்ன மேட்டில் காவல் நிற்கச் சொன்னார்கள். மேட்டின் உச்சியில் ஒரு புத்தர் கோயில். படி வந்ததும் அவன் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். கோயில் படியைக் கண்டால் கால் தானாகச் செய்கிற வேலை அது. நாங்களும் கழற்றினோம். ஆறு ஜோடியையும் கீழ்ப்படியில் வரிசையாக வைத்துவிட்டு, துப்பாக்கியோடு மேலே போனோம். காவல் நிற்பவன் பூட்ஸோடு நிற்க வேண்டும் என்பது ஒருவனுக்கும் நினைவு வரவில்லை.

மேலே கல் சில்லென்று இருந்தது. கீழே பனி ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. பனைகளின் தலைகள் மட்டும் அதன் மேல் நின்றன. காற்று எங்கே இருந்ததோ தெரியவில்லை, கோயில் உச்சியில் சின்ன மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. யாருக்கு எதிராகக் காவல் நிற்கிறோம் என்பதே எனக்கு மறந்து போயிற்று. அந்த மாதம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

பிறகு படியில் பூட்ஸ் சத்தம். வெள்ளைக்கார சார்ஜென்ட் பனிக்குள்ளிருந்து முதலில் தொப்பியாகவும் பிறகு மீசையாகவும் வந்தான். பூட்ஸோடுதான் தளத்தில் ஏறினான். எங்கள் கால்களைப் பார்த்தான். முதலில் கழற்றியது யார் என்று பட்டாளத்து இந்துஸ்தானியில் கேட்டு, நோட்டை எடுத்தான். ஒருவனைத்தான் எழுதப் போகிறான் என்று புரிந்தது. நான்தான் என்று முன்னால் போனேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்காக எந்த வீட்டிலும் யாரும் காத்திருக்கவில்லை. அந்த மூஞ்சிக்கு நேராக எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

லேத்துக்காரன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா இரு மாப்ள. மொதல்ல கழட்டுனது நானு."

"கிறுக்கா ஒனக்கு? வீட்டுக்குப் போவ வேணாமா?"

"புள்ள வர்ற நேரம். சாமிக்கு முன்னாடி நின்னு பொய்யில தப்பிச்சா, அது அந்தப் புள்ள மேலதான் வந்து விழும்."

முதலில் கழற்றியது தான்தான் என்று சார்ஜென்டிடம் போய்ச் சொன்னான். சார்ஜென்ட் அவன் பெயரை எழுதிக்கொண்டான்.

நாலாம் நாள் நான் ரங்கூன் திரும்பி, நேரே லான்மடாவுக்குப் போய் அவன் பெண்சாதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"அவுக அப்படித்தாண்ணே," என்றாள்.

என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாரத்தில் பிள்ளை பிறந்தது. பக்கத்து அறைப் பர்மியப் பெண்தான் கூட இருந்து பார்த்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் ரயிலில் மாவ்பிக்குப் போனேன். முகாமுக்குள் விட மாட்டோம் என்றார்கள். வேலிக்கு வெளியே நின்றேன். தண்டனைக்காரர்களுக்கு ஞாயிறும் கவாத்துதான். உள்ளே வெறும் வெள்ளை. அதற்குள் கால்கள் தரையை மிதிக்கிற சத்தம் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பொண்ணு, மாப்ள!" என்று கத்தினேன்.

கவாத்து நிற்கவில்லை. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத இடத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"அழுவுதா?"

"தெருவையே எழுப்புது."

பிறகு பனிக்குள் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். சார்ஜென்ட் அதட்டினான். அவன் நிறுத்தவில்லை.